விளையாட்டு ஆசிரியர்களின் ஆசிரியர்

ஜனவரி மாதத்தில் சென்னைப் புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குச் செல்லும் வாசகர்கள் தங்கள் காலடியில் இருக்கும் மண்ணைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அண்ணா சாலையின் ஓரத்தில், அடையாற்றை ஒட்டி, ஒவ்வோர் அடி நிலத்துக்கும் விலை பேசப்படும் ஒரு பகுதியில் இவ்வளவு பெரிய திடல் ஏன் இன்னும் திடலாகவே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரிடம் போய்ச் சேர்வோம். விளையாட்டுத் துறையினர் அவரை இந்திய உடற்கல்வியின் தந்தை என்று குறிப்பிடுவார்கள். அத்துறைக்கு வெளியே அவருடைய பெயர் மங்கிப்போய்விட்டது.

பக் 1884 நவம்பர் 25 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹன்னா ஆற்றங்கரையில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தின் துறைமுக நகரத்தோடு அதற்குப் பெயரைத் தவிர வேறு பொருத்தம் கிடையாது. அவர் வளர்ந்த காலத்து அமெரிக்காவில் பேஸ்பால் ஊருக்கு ஊர் ஆடப்பட்ட ஆட்டம். கல்லூரிகளும் அதை முன்னதாகவே தழுவிக்கொண்டிருந்தன. 1859 ஜூலை முதல் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் மோதியதே கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம். ஆம்ஹர்ஸ்ட் 73 ஓட்டங்கள் எடுத்தது, வில்லியம்ஸ் 32. அங்கிருந்து தொடங்கி அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது மாணவர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து, பயிற்றுநரும் திடலும் ஆண்டுத் திட்டமும் கொண்ட ஒரு கல்வித் துறையாகவே மாறிவிட்டது.

அந்த மாற்றத்துக்கு ஆள் தயாரித்துக் கொடுத்த இடங்களுள் முதன்மையானது அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. பக் அங்குதான் பயின்றார். அந்தக் கல்லூரியின் வரலாறு சுவையானது. உடல், மனம், ஆன்மா என்னும் மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து ஒய்.எம்.சி.ஏ.வுக்கு அடையாளமாகத் தந்த லூதர் குலிக் அங்கே உடற்பயிற்சித் துறையை நடத்தினார். குளிர்காலத்தில் அடைந்து கிடக்கும் மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் கேட்க, ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இரண்டு கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன் வலையைக் கட்டிக் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். ஏல் பல்கலைக்கழகத்தின் பேரெடுத்த பேஸ்பால் பந்து வீச்சாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் சில காலம் அங்கிருந்து, பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையைக் கட்டியெழுப்பப் போனார். 1910இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி ஜப்பானுக்குக் கப்பலேறி வசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்களோடு ஆடிவிட்டு வந்தது. விளையாட்டு ஆசிரியர் என்பவர் உலகின் எந்த மூலைக்கும் போகலாம் என்ற எண்ணம் நிலவிய சூழலில் உருவானவர் பக்.

முதல் உலகப் போர் ஓய்ந்த பின், 1919இல் அவர் சென்னைக்கு வந்தார். இங்கே அவருக்கு முன்பே அடித்தளம் இருந்தது. பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த டேவிட் மக்கானஹி 1890இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். உயர் நீதிமன்றத்தின் எதிரே எஸ்பிளனேடில் இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடம், பிலடெல்ஃபியா வணிகர் ஜான் வனமேக்கர் அளித்த பணத்தில் 1900இல் எழும்பியது. ஜே.எச். கிரே என்ற மருத்துவர் 1908 முதல் கல்கத்தாவில் கூடைப்பந்தையும் கைப்பந்தையும் பழக்கிக்கொண்டிருந்தார். ஆனால், இவையெல்லாம் நகரத்து மேல்தட்டு இளைஞர்களுக்கு மாலை நேரத்தில் கிடைத்த வாய்ப்புகள். பள்ளிக்கூடங்களுக்குள் நிலைமை வேறாக இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் டிரில் வாத்தியாராக இருப்பார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடம் வலம் என்று அதட்டுவார். உடம்புக்குக் கல்வி என்று ஒன்று உண்டு, அதைக் கற்பிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அரசிடமும் இல்லை, பெற்றோரிடமும் இல்லை.

பக் எங்கிருந்து தொடங்கினார் என்பதுதான் அவரைப் புரிந்துகொள்வதற்கான இடம். வந்த ஓர் ஆண்டுக்குள் அவர் ஓர் அணியைத் திரட்டிக் கோப்பைக்காக ஆடியிருக்கலாம். ஆடியிருந்தால் பெயரும் விரைவில் கிடைத்திருக்கும். அவர் ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1920இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு உருவான அந்தப் பள்ளியே பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று அது சொல்லப்படுகிறது. பின்னர் அது சைதாப்பேட்டையின் திறந்தவெளிக்கு இடம்பெயர்ந்தது. இன்று நாம் நந்தனம் என்று சொல்லும் இடம் அதுவே. அன்று அது நகரத்தின் விளிம்பு.

இங்கே ஒரு கேள்வி இயல்பாக எழும். கைப்பந்தையும் கூடைப்பந்தையும் தமிழ்நாட்டின் குக்கிராமம் வரை கொண்டுசேர்த்த ஒய்.எம்.சி.ஏ.வால், அமெரிக்கர்களின் உயிர்மூச்சான பேஸ்பாலை ஏன் இங்கே ஊன்ற முடியவில்லை? முயற்சிக்கும் வாய்ப்புக்கும் குறைவில்லை. 1888இல் விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் இரண்டு பேஸ்பால் அணிகளோடு உலகம் சுற்றக் கிளம்பினார். 1889 ஜனவரியில் அந்த அணிகள் கொழும்பில் ஆடிக் காட்டின. இந்தியாவுக்கு வரும் திட்டம் கைவிடப்பட்டு, கப்பல் எகிப்தை நோக்கித் திரும்பியது. மணிலாவில் ஒய்.எம்.சி.ஏ.வின் எல்வுட் பிரவுன் முன்னின்று 1913இல் நடத்திய தூரகிழக்குப் போட்டிகளில் பேஸ்பால் இடம்பெற்றது. ஜப்பானில் 1872 முதலே அது மாணவர்களின் ஆட்டம்.

சென்னையில் மட்டைக்கும் பந்துக்கும் உரிய இடத்தைக் கிரிக்கெட் முன்பே பிடித்துக்கொண்டுவிட்டது. 1846இலேயே ஐரோப்பியர்களுக்கு மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இருந்தது. 1888இல் புச்சிபாபு நாயுடு இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கினார். பக் வந்திறங்கியபோது பொங்கலை ஒட்டி நடக்கும் இந்தியர் – ஐரோப்பியர் ஆட்டத்துக்குக் கூட்டம் கூடத் தொடங்கியிருந்தது. மேலும், பேஸ்பாலுக்கு ஆளுக்கொரு தோல் கையுறை வேண்டும். கைப்பந்துக்கு இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. வலை இல்லாத ஊரில் கயிற்றைக் கட்டியும் ஆடினார்கள். ஏழை நாட்டில் ஒரு விளையாட்டின் தலைவிதியை அதன் அழகைவிட அதன் செலவே முடிவு செய்கிறது. பக் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பாடத்திட்டமே சான்று. தான் வளர்ந்த ஊரின் ஆட்டத்தை இங்கே திணிக்க அவர் தன் வாழ்நாளைச் செலவிடவில்லை.

அவருடைய பாடத்திட்டத்தில் தடகளமும் சீருடற்பயிற்சியும் கூடைப்பந்தும் இருந்தன. அவற்றோடு சடுகுடுவும் கோகோவும், தண்டாலும் பஸ்கியும், சூரிய நமஸ்காரமும் சேர்ந்தன. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒத்துழையாமை இயக்கம் கிளர்ந்தெழுந்த ஆண்டில் தொடங்கப்பட்ட பள்ளி அது. வெள்ளைக்காரர் நடத்தும், கிறித்தவ அமைப்பொன்றின் பெயரைத் தாங்கிய நிறுவனம் என்ற ஐயம் அதன் மீது கடைசிவரை இருந்தது. வட இந்தியாவில் ஆகாடாக்களும், அமராவதியில் அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலும் தேசிய உணர்வோடு உடற்பயிற்சியை வளர்த்துக்கொண்டிருந்தன. அந்த நிலையில், உள்நாட்டு உடற்பயிற்சி முறைகளுக்கு இடம் கொடுக்காத எந்தப் பாடத்திட்டமும் இங்கே வேர் பிடித்திருக்காது. பக் காலத்தின் நெருக்கடியை ஏற்றுக்கொண்டார் என்பதும் உண்மை. ஏற்றுக்கொண்டதை அரைமனதோடு செய்யவில்லை என்பதும் உண்மை. 1929இல் தன் கல்லூரியிலிருந்து அவர் தொடங்கிய இதழுக்கு வியாயாம் என்றே பெயரிட்டார்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. தெருவில் ஊருக்கு ஊர் வேறுவிதமாக ஆடப்பட்ட சடுகுடு, பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததும் அளவுகோலுக்குள் அடங்க நேர்ந்தது. கோட்டின் நீளம், ஆட்களின் எண்ணிக்கை, நடுவரின் விசில் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. விளையாட்டு விதிகளைத் தொகுத்து பக் வெளியிட்ட நூல், அவருக்குப் பின்னும் பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டுப் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களின் கையேடாக இருந்தது. இப்படி வரையறுத்ததால்தான் மதுரைக்காரரும் பஞ்சாபியரும் ஒரே களத்தில் ஆட முடிந்தது என்பார்கள். அது சரிதான். ஆனாலும் மூச்சடக்கிப் பாடிக்கொண்டே போன ஊர்ப்பாட்டுகள் பலவும் அந்தக் கோடுகளுக்கு வெளியே நின்றுவிட்டன என்பதை மறக்க வேண்டியதில்லை.

1924ஆம் ஆண்டு பக்கின் வாழ்க்கையில் வெளிச்சம் மிகுந்த ஆண்டு. தொராப்ஜி டாட்டாவின் முயற்சியால் 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு சிறு இந்திய அணி போய்வந்திருந்தது. அடுத்த ஒலிம்பிக் பாரிஸில் என்றானதும், வீரர்களைத் தேர்ந்தெடுக்க டெல்லியில் அனைத்திந்திய அளவில் போட்டிகள் நடத்தப்பட்டன. அவ்வாறு தேர்வான அணிக்குப் பயிற்றுநர் பக். சென்னையில் மருத்துவம் படித்தவரும் பின்னாளில் நாட்டின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக உயர்ந்தவருமான சி.கே. லட்சுமணன் அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டக்காரர். பதக்கம் எதுவும் வரவில்லை. வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

பதக்கத்தைவிடப் பெரிய வேலை திரும்பி வந்த பிறகு நடந்தது. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஏ.ஜி. நோரெனும் பக்கும் நாடு முழுவதும் பயணம் செய்து, மாகாணம்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினார்கள். அவற்றின் மீதுதான் 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் எழுந்தது. தொராப்ஜி டாட்டா தலைவர், நோரென் செயலாளர். மறுஆண்டே தலைமை பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கிடம் சென்றது. அதன் பிறகு அந்தச் சங்கம் பெரும்பாலும் அரச குடும்பத்தாரும் அரசியல் செல்வாக்கு உள்ளவர்களும் நாற்காலி பிடிக்கும் இடமாகவே இருந்து வந்திருக்கிறது. பக் சைதாப்பேட்டைக்குத் திரும்பினார். நிறுவனத்தைப் பிறப்பிப்பதில் பங்கெடுத்துவிட்டு அதன் பதவிகளை நாடாமல் போனவர்களை நம் விளையாட்டுத் துறையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சென்னை மாகாண அரசு உடற்கல்வியில் அவரை ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. அவருடைய பணியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் வருகிறது. கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். டிரில் வாத்தியார் மெல்ல மறைந்து, உடற்கல்வி ஆசிரியர் என்ற புதிய மனிதர் பள்ளிக்கூடங்களில் தோன்றினார். நம் கல்லூரிகளில் விளையாட்டுப் பொறுப்பாளரை இன்றும் பிசிக்கல் டைரக்டர் என்றே அழைக்கிறார்கள். அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. கிளைகளில் உடற்பயிற்சிப் பொறுப்பாளருக்கு வழங்கிய பதவிப் பெயர் அது. பெயர் கப்பலேறி வந்து நம் ஊர்ச் சொல்லாகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் திருப்புட்குழியை எடுத்துக்கொள்வோம். ஜடாயுவுக்கு ராமன் இறுதிக் கடன் செய்த தலமென்று வைணவர்கள் போற்றும் ஊர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. இளமையில் ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கே என்பது மரபு. ஆசிரியரிடம் கற்று, ஆசிரியரோடு மாறுபட்டு, தனக்கென ஒரு வழி கண்ட மாணவரின் கதை அது. குருபரம்பரை சொல்லும் வழக்கம் ஆழமாக ஊறிய இந்த வட்டாரத்தில், பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடு போடும் உடற்கல்வி ஆசிரியருக்கும் ஒரு பரம்பரை உண்டு. அவருக்குக் கற்பித்தவர், அவருக்குக் கற்பித்தவர் என்று பின்னோக்கிப் போனால், பல வேளைகளில் நான்கைந்து படிகளில் அது சைதாப்பேட்டையை எட்டிவிடும்.

இந்த வட்டாரத்தில் அந்த ஆசிரியரின் வேலைக்குக் கூடுதல் பொருளும் உண்டு. காஞ்சிப் பட்டு நெசவில் கோர்வை என்பது உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைத்து நெய்யும் முறை. அதற்குத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. அல்லது முன்பணம் பெற்றுக்கொண்டு அனுப்பப்பட்ட அடுத்த வீட்டுப் பிள்ளை. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இது காஞ்சிபுரத்தின் அன்றாடக் காட்சி. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு, முதுகு வளைந்து, விடியலிலிருந்து அந்திவரை உட்கார்ந்த உடல்கள் அவை. அப்படிப்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. கொண்டுவந்த பிறகு அங்கேயும் பெஞ்சில் குனிந்தே இருக்க வைத்தால், ஓட வேண்டிய வயது இரண்டாம் முறையும் பறிபோகிறது. விளையாட்டு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு. ஏழைப் பிள்ளைக்கோ தன் உடம்பு தனக்கே சொந்தம் என்று தெரியவரும் முதல் இடம் அது. திறமையுள்ள சிலரைப் பொறுக்கி எடுப்பதற்கு முன், பாடவேளைக்குள் எல்லாக் குழந்தைகளையும் திடலுக்கு அழைத்து வருவதே பக் வகுத்த முறையின் சாரம்.

அந்தப் பாடவேளை இன்று என்ன நிலையில் இருக்கிறது? பொதுத் தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வகுப்பு கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போகிறது. அந்தக் கடன் திரும்பி வருவதில்லை. உடற்கல்வி வகுப்பை மற்ற பாட ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே வேண்டுகோள் விடுக்கும் நிலை 2023இல் வந்தது. திடலே இல்லாமல் மாடியில் இயங்கும் தனியார் பள்ளிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரசுப் பள்ளிகளில் திடல் இருக்கும் இடத்தில் ஆசிரியர் இருப்பதில்லை. ஆசிரியர் இருக்கும் இடத்தில் சீருடைக் கணக்கும் விழா ஒழுங்கும் காலை வழிபாட்டு வரிசையும் அவர் தலையில் விழுகின்றன. டிரில் வாத்தியாரை ஒழிக்கத்தான் பக் கல்லூரி தொடங்கினார். நாம் அவரை வேறு பெயரில் மீட்டுக்கொண்டு வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

மறுபக்கத்தில், வளர்ச்சியே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2004இல் நிறைவேறியது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன மேலக்கோட்டையூரில் அது இயங்குகிறது. பக்கின் கல்லூரியும் இப்போது அதன் இணைப்பில்தான் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் பள்ளி விதையாகி, அந்தத் துறைக்கென ஒரு பல்கலைக்கழகமே எழ முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்னொரு வேடிக்கை: பக் காலத்தில் வேர் பிடிக்காத பேஸ்பால், இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் முகாமிட்டிருந்த மணிப்பூரில் அது ஊர்மக்களின் ஆட்டமாகவே நிலைத்துவிட்டது. சென்னையில் ஓர் அமெரிக்கர் கால் நூற்றாண்டு இருந்தும் நடக்காதது, இம்பாலில் சில ஆண்டுகள் தங்கிப்போன படைவீரர்களால் நடந்தது. அவர் அதற்காக வருந்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கின் கடைசி ஆண்டுகள் போரின் நிழலில் கழிந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் பற்றிய அச்சத்தில் சென்னை நகரமே காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு நகர்ந்தன. உலகப் போருக்குப் பிந்தைய அமைதியில் சென்னைக்கு வந்தவர் அடுத்த உலகப் போர் முடிவதைப் பார்க்கவில்லை. 1943 ஜூலை 24 அன்று சென்னையிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 58. தாய்நாட்டில் இளமையைக் கழித்தவர், வாழ்க்கையின் வேலை செய்யும் பருவம் முழுவதையும் இந்த ஊரிலேயே கழித்திருந்தார்.

பாரிஸுக்கு அவர் அழைத்துச் சென்ற வீரர்களின் பெயர்கள் ஒலிம்பிக் ஆவணங்களில் இருக்கின்றன. அவரிடம் படித்துவிட்டு ஏதோ ஒரு தாலுகா ஊரில் முப்பது ஆண்டுகள் விசிலும் கையுமாக நின்று ஓய்வு பெற்றவர்களுக்கு அப்படி ஓர் ஆவணம் இல்லை. அவருடைய கல்லூரியில் பக் நினைவுப் போட்டிகள் நடக்கும் நாட்களில், வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நந்தனத்தில் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள்.